நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்துகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் நல்ல டாக்டர் இல்லை. பதினொரு வருடத்துக்கு முன்னால் நல்ல டாக்டராக இருந்தேன். ஒரு நாளைக்கு இருபது பேர் வருவார்கள். இருபது பேருடைய பெயரும் ஞாபகம் இருக்கும். அப்புறம் அது நாற்பதாகி, அறுபதாகி, தொண்ணூறில் வந்து நின்றது. தொண்ணூறு பேரைப் பார்க்கிறவள் யாரையும் பார்ப்பதில்லை. டோக்கனைப் பார்ப்பாள், கடிகாரத்தைப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

போன தை மாதம் ஒரு பெரியவர் வந்தார். பெருமாநல்லூர்க்காரர், சர்க்கரை வியாதி. மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டார். சொன்னேன். மறுபடி கேட்டார். சொன்னேன். எழுந்து கதவுவரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து நான்காம் தடவையாகக் கேட்டபோது மாத்திரை அட்டையைப் பிடுங்கி அவர் மேலேயே வீசினேன். "முன்னாடியா பின்னாடியான்னு கேட்டே எங்க உசுர வாங்கறீங்களே, பேசாம செத்துப் போங்களேன்" என்றேன். அவருடைய மருமகள் கையில் செல்போன் இருந்தது. சாயங்காலத்துக்குள் திருப்பூரில் என்னைத் தெரியாத ஆளே இல்லை. ரைசா பேகம் எம்.டி. என்று போர்டில் போட்டு வராத பேர் அரை நிமிட வீடியோவில் வந்துவிட்டது.

மறுநாள் ஆஸ்பத்திரி முதலாளி டாக்டர் குமாரவேல் கூப்பிட்டனுப்பினார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. இந்த ஊரில் மரியாதை கூடக்கூடத்தான் பயப்பட வேண்டும். அவர் ஒவ்வொரு 'ங்க'வாகச் சேர்க்கச் சேர்க்க, எனக்கு எங்கேயோ ஒரு வேட்டு விழப்போகிறது என்று அர்த்தம்.

"வாங்கம்மிணி, உக்காருங்க. டீ சாப்படறீங்களா? வேண்டாமுங்களா? சரிங்க. நீங்க பேசுனது தப்புன்னு நான் சொல்லலீங்க. ஆனா வீடியோவுல பின்னாடி நம்ம ஆஸ்பத்திரி பேரு தெரியுதுங்களே."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. வேலையை விடுகிறேன் என்றேன். இல்லாவிட்டால் வாரத்தில் மூன்று நாள் நோயாளியே இல்லாத வேலை வேண்டும் என்றேன். டாக்டர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் படித்திருந்தேன். பாதி வாரம் ஓ.பி., பாதி வாரம் வேறு ஏதாவது வேலை என்று பிரித்துக்கொண்டவர்கள் எரிந்து சாம்பலாகாமல் தப்பித்தார்களாம். ஒருத்தர் பாடம் நடத்தினார், ஒருத்தர் ஆராய்ச்சிக்குப் போனார், ஒருத்தர் ஆஸ்பத்திரி நிர்வாகத்தைப் பார்த்தார். படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் நீரில் மூழ்குகிறவள் எதையாவது பிடிக்கத்தானே செய்வாள்.

குமாரவேல் உடனே சரி என்றார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"நம்ம கம்பெனி செக்கப் இருக்குதுங்களே, அதைப் பாத்துக்குங்க. நம்மூர்த் துணியை வாங்கற வெளிநாட்டு பையர் எல்லாம் இப்ப ஒவ்வொரு தொழிலாளிக்கும் உடம்பு நல்லா இருக்குதான்னு சர்ட்டிபிகேட் கேக்கறானுங்க. நம்ம டீம் கம்பெனிக்கே போய் டெஸ்ட் பண்ணிப்போட்டு ஃபாரத்தைக் கொண்டு வந்துரும். நீங்க படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போட்டாப் போதுமுங்க. மனுச மூஞ்சியே பாக்க வேண்டாமுங்க."

மனித முகமே பார்க்க வேண்டாம் என்பதைக் கேட்டதும் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவ்வளவு கேவலமாக இருந்தேன்.

மூன்றாவது மாடியில் ஏசி அறை. வியாழன், வெள்ளி, சனி அங்கே. திங்கள், செவ்வாய், புதன் கீழே ஓ.பி. மற்ற மூன்று நாள் ஓ.பி.க்கு ஈரோட்டிலிருந்து ஒரு டாக்டரை வரவழைத்தார்கள். ஒரே மாதத்தில் தூக்கம் வந்தது. கழுத்தில் இரண்டு வருடமாக இருந்த படை மறைந்தது. கீழே உட்காரும் நாளில் நோயாளியின் பெயரைக் கேட்டேன், வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்று கேட்டேன். ஒருநாள் அந்தப் பெருமாநல்லூர்ப் பெரியவரையே போன் போட்டு வரச்சொல்லி, முன்னால், முன்னால் என்று அட்டையிலேயே பெரிதாக எழுதிக் கொடுத்தேன். "இப்பெல்லாம் சிரிக்கறீங்களே டாக்டரம்மா" என்று நர்ஸ் விஜயராணி சொன்னாள். குழுவில் சொன்னது உண்மைதான். அந்த வைத்தியம் வேலை செய்தது. எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல் அதில்தான்.

ஆடி மாதம் பெருமாநல்லூர் ரோட்டில் இருக்கும் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு ஃபாரம் வந்தது. உயரம், எடை, ரத்த அழுத்தம், நெஞ்சுப் பரிசோதனை, கடைசியில் 'வேலைக்குத் தகுதி' என்ற கட்டம். மூன்று நாளில் முடித்தேன். எடை ஐம்பத்திரண்டு, ஐம்பத்து நான்கு, ஐம்பத்திரண்டு, ஐம்பத்தைந்து. ரத்த அழுத்தம் நூற்று இருபதுக்கு எண்பது, நூற்றுப் பதினெட்டுக்கு எழுபத்தெட்டு, மறுபடி நூற்று இருபதுக்கு எண்பது. கவனிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். கவனித்தேன். நூறாவது ஃபாரத்தில் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். கேள்வி கேட்டால் யாரையாவது பார்க்க வேண்டிவரும், பேச வேண்டிவரும். ஏசி ஜில்லென்று இருந்தது. நூற்றியொன்றாவது ஃபாரத்தைத் திருப்பினேன்.

ஆவணி கடைசியில் ஒரு திங்கட்கிழமை. டோக்கன் அறுபத்தொன்று. உள்ளே வந்த அம்மாளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தது. தலையெல்லாம் பஞ்சுத் தூசி. பிசிறு நூல் வெட்டும் சின்னக் கத்தரி கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கியது. ஷிப்டிலிருந்து நேரே ஓடி வந்திருக்கிறாள்.

"பேரு என்னங்க?"

"ஒச்சாயி. உசிலம்பட்டிப் பக்கம். இங்கன வந்து ஆறு வருசமாச்சு. பனியன் கம்பெனில செக்கிங்கு."

தைத்து வரும் துணியில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் இதையெல்லாம் கண்டுபிடிப்பதுதான் செக்கிங். குற்றம் இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிவைப்பார்கள். ஒரு நாளைக்கு ஆயிரம் துணியாவது அவள் கண்ணைத் தாண்டிப் போகும்.

"இருமலு. ரெண்டு மாசமாச்சு. பொழுதடைஞ்சாக் காய்ச்ச. சோறு எறங்க மாட்டேங்குது."

எடை மெஷினில் ஏறச் சொன்னேன். முப்பத்தெட்டுக்கும் கீழே காட்டியது.

"ரெண்டு மாசமா ஏனுங்க வராம இருந்தீங்க?" என்றேன். குரல் ஏறிவிட்டது. எனக்குக் கோபம் வந்தால் முதலில் நோயாளி மேல்தான் வரும்.

அவளுக்கும் ஏறியது. "லீவு கேட்டா விடுறாகளா? இந்தாங்க, இதத்தேன் மூஞ்சிக்கு நேரா நீட்டுறாக" என்று மடியிலிருந்து லேமினேஷன் செய்த ஒரு அட்டையை எடுத்து மேஜையில் போட்டாள். "கார்டுல நல்லாருக்கன்னு டாக்டரே போட்டுருக்காக, நடிக்காம போய் வேலையப் பாருன்னு சூப்பர்வைசர் சொல்றாரு. எனக்குப் படிக்கத் தெரியாது. எம்மகதான் வாசிச்சுச் சொன்னா. ஐம்பத்திரண்டு கிலோன்னு போட்டுருக்காம். நான் என்னைக்கு ஐம்பத்திரண்டு கிலோ இருந்தேன்?"

அட்டையை நான் கையில் எடுக்கவே இல்லை. எடுக்காமலே தெரிந்தது. கீழே வலது மூலையில், நீட்டி இழுத்து, கடைசியில் ஒரு கொக்கி. பதினொரு வருடமாக நான் போடும் கையெழுத்து.

"உங்கள யாரு டெஸ்ட் பண்ணுனாங்க?"

"யாரு பண்ணுனா? யாரும் பண்ணல. கட்டிங் செக்சன்ல நல்லாத் திடகாத்திரமா இருக்க எளந்தாரிகளக் கூப்புட்டுப் போயி நாலஞ்சு பெஞ்சியில ஒக்கார வச்சாக. அம்புட்டுத்தேன். ஒரு வாரங்கழிச்சு எல்லாருக்கும் கார்டு குடுத்தாக." இருமினாள். புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "என்னையப் பாக்காமலே கையெழுத்துப் போட்டுச்சுல்ல ஒரு கையி, அது வெளங்காமப் போயிரும்."

அந்தக் கையால்தான் நான் சளி டெஸ்ட்டுக்கும் எக்ஸ்ரேவுக்கும் எழுதிக்கொண்டிருந்தேன். எழுதி முடித்துக் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். புதன்கிழமை வாங்க என்றேன். விஜயராணியிடம் அவளுக்கு ஒரு மாஸ்க் கொடுக்கச் சொன்னேன். அறுபத்திரண்டாவது ஆளை அனுப்பச் சொல்ல ஐந்து நிமிடமானது.

மத்தியானம் அந்தக் கம்பெனி எச்.ஆர். ராபினுக்குப் போன் போட்டேன். நாகர்கோவில் பக்கத்துப் பையன், தேனாகப் பேசுவான்.

"மேடம், எல்லாம் முறைப்படிதான் செஞ்சோம். ஏ.க்யூ.எல். மேடம்."

எனக்கு அது புரியாமல் இல்லை. என் அத்தா ரஷீத் காதர்பேட்டையில் செகண்ட்ஸ் பனியன் கடை வைத்திருந்தவர். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து ஏ.க்யூ.எல். பேசிக் கேட்டு வளர்ந்தவள் நான். ஒரு லாட்டில் ஐந்நூறு துணி இருந்தால் ஐந்நூறையும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். ஐம்பதை எடுத்துப் பார்ப்பார்கள். ஐம்பதில் மூன்றுவரைக்கும் குற்றம் இருந்தால் லாட் பாஸ். நான்கு வந்தால் ஃபெயில். ஊரே இப்படித்தான் கப்பல் ஏற்றுகிறது.

"ராபின், அது துணிக்கு."

"நம்பரு நம்பருதான மேடம்? நானூத்திப் பன்னெண்டு பேருக்கு சாம்பிள் ஐம்பது. சார்ட்லயே இருக்குல்லா. உங்க ஆஸ்பத்திரி டீமு ஒரு நாளுதான் வந்தாவ, அவ்வளவு பேரையும் எப்படிப் பாக்க? ஐம்பது பேரப் பாத்தோம். மத்தவங்களுக்கு அந்த ரீடிங்கையே எழுதினோம். இதுல என்ன தப்பு மேடம்?"

அவன் கேட்டது நிஜமாகவே புரியாமல் கேட்ட கேள்வி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அந்த ஐம்பது பேர எப்படி எடுத்தீங்க?"

"சாம்பிளுக்கு யாராவது கெட்ட பீஸ எடுப்பாவளா மேடம்?"

"ஐம்பதுல எத்தனை பேருக்குப் பிரச்சனை இருந்துச்சு?"

"ரெண்டு பேருதான். ஒருத்தருக்கு ரத்த அழுத்தம், ஒரு ஒரிசாக்காரப் பையனுக்கு நெஞ்சுல என்னமோ சத்தம்னு சொன்னாவ. ரெண்டு பேரையும் அன்னைக்கே மாத்திட்டோம்லா."

"மாத்திட்டோம்னா?"

"வேலைல இருந்து நிறுத்திட்டோம் மேடம். வேற ஆளு போட்டாச்சு. லாட் க்ளீன்."

போனை வைத்துவிட்டேன். கழித்துப்போட்ட பனியன் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். காதர்பேட்டைக்கு வரும், அத்தா குவித்துவைத்து விற்பார். கழித்துப்போட்ட ஆள் எங்கே போவான் என்று அத்தா சொல்லிக் கொடுக்கவில்லை.

புதன்கிழமை காலை ரிசல்ட் வந்தது. டி.பி. நுரையீரலில், நன்றாகப் பரவியிருந்தது. ஆறு மாதம் மருந்து சாப்பிட்டால் குணமாகும். ஆனால் டி.பி. என்று கண்டுபிடித்தால் டாக்டர் அதை அரசாங்கத்துக்கு எழுதித் தெரிவித்தாக வேண்டும், அது சட்டம். எழுதினால் சுகாதாரத் துறை ஆட்கள் அவள் வீட்டுக்கும் வேலை செய்யும் இடத்துக்கும் வருவார்கள், கூட இருப்பவர்களைப் பரிசோதிப்பார்கள். வந்தால் முதலில் கேட்பது போன மாதத்துச் சர்ட்டிபிகேட்டைத்தான். அந்த ஏசி அறையும் என் மூன்று நாளும் அன்றோடு சரி.

ஒச்சாயி வந்தாள். மாஸ்க் போட்டிருந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. லேமினேஷன் அட்டையை மேஜையில் வைத்தாள். பக்கத்தில் திங்கட்கிழமை நான் எழுதிக்கொடுத்த சீட்டை வைத்தாள். இரண்டையும் சரியாக ஓரத்தோடு ஓரம் சேர்த்தாள். மடியிலிருந்து ஒரு ஸ்டிக்கர் தாளை எடுத்து ஒரு சிவப்பு அம்பை உரித்து அட்டையில் இருந்த கையெழுத்தில் ஒட்டினாள். இன்னொன்றை உரித்துச் சீட்டில் இருந்த கையெழுத்தில் ஒட்டினாள்.

"எனக்கு எழுத்துத் தெரியாது. தையலு தெரியும். ஒரே கை தச்சதா, வேற கை தச்சதான்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன்" என்றாள். "நீதான அது?"

திங்கட்கிழமை மரியாதையாகப் பேசியவள் இன்றைக்கு நீ என்றாள்.

"ஆமாங்க" என்றேன்.

"அன்னைக்கு நான் சாபம் விட்டப்ப கம்முனு கேட்டுக்கிட்டு இருந்த."

"ஆமாங்க."

"ரோசமே கெடையாதா ஒனக்கு?"

டி.பி. என்று சொன்னேன். குணமாகும் என்றேன். எழுதித் தெரிவிக்க வேண்டும் என்றேன். அதுவரைக்கும் கல்லாக நின்றவள் அந்த வார்த்தையைக் கேட்டதும் மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எழுதாத. எழுதுனா என்னையும் மாத்திருவாக. அந்த ஒரிசாப் பயல மாத்துன மாதிரி. எம்மக நதியா அதே டேபிள்ல எனக்கு எதுத்தாப்புல நிக்கிறா. அவளையும் சேத்துத் தொரத்திருவாக. மருந்த மட்டும் குடு. நான் இருமாம இருந்துக்கிறேன்."

"உங்க மகளுக்கு இருமல் இருக்குதுங்களா?"

"பஞ்சுத் தூசிங்கிறா" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "அவகிட்டயும் இந்தக் கார்டு இருக்கு. அதுலயும் ஒன் கையெழுத்துத்தேன்."

அவளுக்கு மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டுக் குமாரவேல் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். ஐம்பது பேர் விஷயம் அவருக்கு முன்பே தெரியும் என்பது பாதியிலேயே எனக்குப் புரிந்தது.

"அந்தம்மாவுக்கு வைத்தியம் பூராவும் நம்ம செலவுங்க. ரெண்டு மாசம் லீவு குடுக்கச் சொல்லிப்போடறேன், ஊருக்குப் போயிட்டு வரட்டுமுங்க. அங்க போய் அந்தூரு டாக்டர் எழுதட்டுமே, நமக்கென்னங்க? அடுத்த செவ்வாக்கெழம அந்தக் கம்பெனில பையர் ஆடிட்டுங்க. இந்த நேரத்துல நீங்க எழுதிப்போட்டீங்கன்னா..."

"அவங்க எதிர்ல ரெண்டு மாசமா ஒரு பொண்ணு நின்னுட்டு இருக்குது சார். அந்த லைன்ல இன்னும் எத்தனையோ பேர்."

"இருக்கட்டுமுங்க. சர்ட்டிபிகேட்டுல யாரு கையெழுத்துங்க? என்னுது இல்லீங்களே." டீயை என் பக்கம் நகர்த்தினார். "உங்க டாக்டர் ரிஜிஸ்டர் நம்பருதானுங்க மொதல்ல போகும். அதை விடுங்க. அந்தக் கம்பெனி போச்சுன்னா பின்னாடியே பத்துக் கம்பெனி போயிருமுங்க. அப்பறம் மேல உங்களுக்கு என்னங்க வேலை? திங்கக்கெழமைல இருந்து ஆறு நாளும் ஓ.பி.தானுங்க. மறுபடி தொண்ணூறு பேருங்க. முடியுமுங்களா அம்மிணி? நல்லா இருக்கறீங்களேன்னுதான் சொல்றேனுங்க. தை மாசத்துல எப்படி இருந்தீங்கன்னு நானும் பாத்தவன்தானுங்க."

எதைச் சொன்னால் எனக்கு வலிக்கும் என்று அவருக்குத் தெரியும். அவரும் டாக்டர்தானே.

மூன்றாவது மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். உத்தமிபோல எழுத உட்கார்ந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எழுதுவதில்லை என்று முடிவு செய்துகொண்டு அரை மணி நேரம் அந்த ஏசியில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அந்த மூன்று நாள் வேண்டும். அது இருந்தால்தான் மற்ற மூன்று நாளும் நான் மனுஷி. அது போனால் இன்னொரு பெரியவர் மேல் இன்னொரு மாத்திரை அட்டை பறக்கும், எனக்குத் தெரியும். என் மனசாட்சிக்காகத் தொண்ணூறு பேர் ஏன் திட்டு வாங்க வேண்டும் என்றுகூடக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பேய் வாதாடினால் இப்படித்தான் நியாயமாக இருக்கும்.

பிறகு அலமாரியைத் திறந்து அந்தக் கம்பெனி ஃபாரக் கட்டை எடுத்தேன். ஒச்சாயி, ஐம்பத்திரண்டு கிலோ, நெஞ்சு சுத்தம். அதற்கு அடுத்த ஃபாரம் நதியா. ஐம்பத்திரண்டு கிலோ, நெஞ்சு சுத்தம். தாயும் மகளும். இரண்டிலும் என் கையெழுத்தின் கொக்கிகூட ஒரே அளவு. அன்றைக்கு எனக்கு நல்ல மூடு போலிருக்கிறது, கை ஓடியிருக்கிறது.

எனக்கு வந்தது ஆத்திரம். கருணை என்று நானே சொல்லிக்கொள்ள மாட்டேன். குமாரவேல் மேல் ஆத்திரம், ராபின் மேல், அந்த ஏசி மேல், முக்கியமாக அந்தக் கொக்கி மேல். செல்போனிலேயே அரசாங்கத்துக்கு எழுதினேன். பெயர், வீட்டு விலாசம், வேலை செய்யும் இடம். அனுப்பினேன். அப்புறம் கம்பெனிக்கு ஒரு கடிதம்: நான் கொடுத்த நானூற்றுப் பன்னிரண்டு சர்ட்டிபிகேட்டும் செல்லாது, அவர்களை நான் பார்க்கவே இல்லை, எல்லாரையும் ஒவ்வொருவராக நானே பார்க்கிறேன், இந்த நோய்க்காக யாரையும் வேலையிலிருந்து நிறுத்தினால் அதையும் சுகாதாரத் துறைக்கு எழுதுவேன். பையருக்கும் ஒரு நகல் போட்டேன்.

அதற்கப்புறம் மூன்று நாள் எனக்கு வந்த போன்களை எல்லாம் எழுதினால் இந்தக் கதையை வீட்டில் வைத்துப் படிக்க முடியாது. ராபின் மட்டும் அழுதான். "ஆடிட்டத் தள்ளி வச்சுட்டாவ மேடம். எல்லாரையும் நீங்க பாத்து முடிச்ச பொறவுதான் வருவாவளாம். எங்கள ஒழிச்சிட்டீங்க." அந்த ஒரிசாப் பையன் எங்கே என்று கேட்டேன். "தெரியாது மேடம். ரயிலேறிப் போயிட்டான்." குமாரவேல் திங்கள் முதல் சனி வரைக்கும் என் பெயர் போட்ட ஓ.பி. அட்டவணையை விஜயராணி கையில் கொடுத்தனுப்பினார். அடியில் 'வாழ்த்துக்கள்' என்று எழுதியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்குப் போனேன். கேண்டீன் ஷெட்டில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, வரிசைப் பக்கம் ஒரு மறைப்புத் துணி. சுகாதாரத் துறையிலிருந்து இரண்டு பேர் ஓரமாகச் சளி டப்பாக்களோடு உட்கார்ந்திருந்தார்கள். வெளியே வெயிலில் ஒரு வரிசை. வாரத்தில் கிடைக்கும் ஒரே லீவு நாள், துணி துவைக்க, சந்தைக்குப் போக, பிள்ளையைப் பார்க்க இருப்பது. அதைப் பிடுங்கியவள் நான். ஒருத்தர்கூட எனக்கு வணக்கம் சொல்லவில்லை.

"செத்துப்போன்னு சொன்ன டாக்டரு இதுதான்டி" என்று வரிசையில் ஒருத்தி சத்தமாகவே சொன்னாள். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

கேட்டுக்கு வெளியே, கம்பி வலையை ஒட்டி ஒச்சாயி உட்கார்ந்திருந்தாள், மாஸ்க்கோடு. உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தும் வந்திருக்கிறாள். "ஏன் வந்தீங்க? வீட்டுல படுங்க" என்று இங்கிருந்தே கத்தினேன்.

"நீ செக் பண்றத யாரு செக் பண்றது?" என்று அங்கிருந்தே கத்தினாள்.

ஒருத்தருக்கு நான்கு நிமிடம். எடை, காய்ச்சல், இருமல், முதுகில் ஆறு இடம், நெஞ்சில் நான்கு இடம். மத்தியானத்துக்குள் எண்பது பேர். என் பழைய வியாதி தலைகாட்டியது. இந்தி பேசும் ஒரு பையன் நான் சொன்னதைப் புரிந்துகொள்ளாமல் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். "இழுன்னா இழுக்கணும்!" என்று கத்தினேன். மிரண்டு போனான். மூச்சை எப்படி இழுப்பது என்று நானே இழுத்துக் காட்டினேன். அவனும் இழுத்தான். அவன் நெஞ்சு சுத்தம். நாளைக்குக் காலையில் தொண்ணூறு பேர் காத்திருப்பார்கள் என்ற நினைப்பு வந்தது. இன்றைக்கு எத்தனை பேரைப் பார்த்தாலும் மறுபடி அடுத்த ஞாயிறும் இங்கேதான்.

பக்கத்தில் ராபின் லிஸ்ட்டோடு நின்றான். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு கட்டம் போட்டிருந்தான், பாஸ், ஃபெயில் என்று. அடித்துவிட்டு வேறு எழுதச் சொல்லியும் அவன் கை அப்படியேதான் போனது.

"நதியா" என்று கூப்பிட்டான்.

பத்தொன்பது, இருபது வயதுப் பெண். அம்மாவைப்போலவே கழுத்தில் கத்தரி. எடை மெஷினில் நின்றாள். நாற்பத்தொன்று. என் ஃபாரத்தில் ஐம்பத்திரண்டு.

"இருமல் இருக்குதாம்மா?"

"தூசிதான் மேடம்."

"எத்தன நாளா?"

"தூசி எப்பவும் இருக்குமே மேடம்."

ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்தேன். இடது பக்கம் கீழே, நடுவில், மேலே. மூச்சு சுத்தமாக வந்து போனது. வலது பக்கம் கீழே, நடுவில். மேலே வைத்தேன். "இழுத்து விடு" என்றேன். "இன்னொரு தடவ." "இன்னொரு தடவ." மூன்று தடவையும் அங்கே ஈரமான நொறுநொறுப்பு கேட்டது. குழாயை எடுத்து விரலால் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தேன். இருந்தது.

நான் அதே இடத்தில் நிற்பதைக் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இருந்தவள் பார்த்துவிட்டாள். எழுந்து நின்றாள். இரண்டு கையாலும் வலையைப் பிடித்தாள்.

"என்ன? பாஸா?"

நதியா திரும்பி என்னைப் பார்த்தாள். ராபின் பேனாவோடு என்னைப் பார்த்தான். பாஸ் கட்டத்துக்கு மேலே பேனா ஏற்கெனவே போய் நின்றிருந்தது. நான் தலையை ஆட்டினால் போதும்.

"இல்லீங்க" என்றேன். "எக்ஸ்ரே எடுக்கணும். சளியும் பாக்கணும்."

ஒச்சாயி வலையை விடவில்லை. என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவள் திட்டவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"எழுது" என்றாள். "இந்த வாட்டியாச்சும் உள்ளத எழுது."

ராபின் கையிலிருந்து பேனாவை வாங்கி எழுதினேன்.